எர்த் இல்லாத வீட்டில் கார் சார்ஜர்: நியூட்ரலை எர்த் பின்னில் சேர்க்கலாமா?

#1 வெண்ணாற்றங்கரை

மன்னார்குடி பக்கம் கிராமத்து வீடு, சிங்கிள் பேஸ் சர்வீஸ். காரோடு வந்த சார்ஜரை 16 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால் எர்த் கோளாறு என்று சிவப்பு விளக்கு எரிகிறது; சார்ஜ் ஏறுவதில்லை. மல்டிமீட்டரில் வந்த அளவு: பேஸ்–நியூட்ரல் 226 வோல்ட், பேஸ்–எர்த் 131, நியூட்ரல்–எர்த் 94. சாக்கெட்டுக்குள் நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு ஒயர் போட்டால் விளக்கு பச்சையாகிவிடும், நிறைய வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது என்கிறார் எலக்ட்ரீஷியன். செய்யலாமா? கார் நிற்கும் கொட்டகை மெயின் போர்டிலிருந்து 28 மீட்டர். பிறகு 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் மாட்டும் எண்ணமும் உண்டு.

#2 ஒயர்மேன்_நீடா

செய்யாதீங்க. விளக்கு பச்சையாகும்ங்கிறது உண்மைதான், அதுதான் ஆபத்தே.

உங்க அளவையே பாருங்க. 131ஐயும் 94ஐயும் கூட்டினா 225. அதாவது எர்த் பின் எங்கயும் போய்ச் சேரல, அந்தரத்துல தொங்குது. எர்த் ஒழுங்கா இருந்தா நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல ரெண்டு மூணு வோல்ட்டுக்கு மேல காட்டாது.

துண்டு ஒயர் போட்டா என்ன ஆகும்? மழைக்காலத்துல தென்னை மட்டை விழுந்து போஸ்ட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல நியூட்ரல் மட்டும் அறுந்துடுதுன்னு வைங்க. பேஸ் உயிரோட இருக்கும். அது ஃபேன், ஃபிரிட்ஜ், லைட் வழியா நியூட்ரல் பாருக்கு வந்து நிக்கும். அங்கிருந்து உங்க துண்டு ஒயர் வழியா கார் பாடிக்கு. ஈரத் தரையில நின்னு கதவைத் தொடுறவங்களுக்கு அடி. இன்னொண்ணு, புயல் முடிஞ்சு அவசரத்துல லைன் கட்டும்போது பேஸும் நியூட்ரலும் மாறிப் போறது நடக்கறதுதான். அப்ப ஒண்ணும் அறுந்திருக்கவே வேணாம், நேரா 230 வோல்ட் பாடியில உட்காரும்.

ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா லைனை வெட்டுற சுவிட்ச்) காப்பாத்தும்னு நம்பாதீங்க. துண்டு ஒயரை மெயின் போர்டுல ஆர்.சி.சி.பி.க்கு முன்னாடி போட்டிருந்தா, அது பேஸையும் நியூட்ரலையும் வெட்டுமே தவிர எர்த் கம்பியை வெட்டாது. பாடியில கரண்ட் அப்படியே நிக்கும்.

#3 பவர்பாக்ஸ்

அந்த 131 – 94 எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சார்ஜருக்குள் இரைச்சல் வடிகட்ட பேஸிலிருந்து எர்த்துக்கு ஒரு சின்ன கெபாசிட்டர், நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு இன்னொன்று இருக்கும். எர்த் தரையோடு சேராதபோது இந்த இரண்டும் மின்னழுத்தத்தைப் பங்கு போட்டு எர்த் பின்னை ஏறக்குறைய பாதியில் நிறுத்திவிடும். எர்த் இல்லாத வீட்டில் லேப்டாப் மூடியைத் தடவினால் சுர்ரென்று இருப்பதும் இதனால்தான்.

சார்ஜர் பெட்டி இரண்டு இடத்தில் எர்த்தைப் பார்க்கிறது. பெட்டிக்கும் காருக்கும் நடுவே பைலட் சிக்னல் என்று ஒன்று ஓடும்: 1000 ஹெர்ட்ஸ், கூட்டல் 12 வோல்ட்டுக்கும் கழித்தல் 12 வோல்ட்டுக்கும் இடையே ஆடும். அதற்குத் திரும்பு பாதையே எர்த் கம்பிதான். கார் பிளக் செருகியதும் 2.74 கிலோ ஓம் வழியாக மேல் மட்டத்தை 9 வோல்ட்டுக்கு இறக்கும். சார்ஜ் வேண்டும் என்றால் 6 வோல்ட்டுக்கு. அதன்பிறகுதான் பெட்டிக்குள் ரிலே (காருக்கு மின்சாரத்தைச் சேர்க்கும் தானியங்கி சுவிட்ச்) ஒட்டும். கேபிளில் எர்த் அறுந்தால் சிக்னலும் போய்விடும், ரிலேயும் விடும். ஆனால் அறுந்தது வீட்டுப் பக்கம் என்றால் சிக்னலுக்கு அது தெரியாது. அதற்காகத்தான் பேஸ்–எர்த் மின்னழுத்தத்தைத் தனியாக அளந்து சிவப்பு காட்டுகிறது. துண்டு ஒயர் போடுவது இந்த இரண்டாவது கண்ணைக் கட்டிவிடுகிற வேலை.

#4 குளக்கரை_செல்வம்

எங்க பக்கம் பேஸையும் எர்த்தையும் வெச்சு 100 வாட் குண்டு பல்பு போட்டுப் பார்ப்பாங்க. நல்லா எரிஞ்சா எர்த் ஓகேன்னு அர்த்தம். அது போதாதா?

#5 ஒயர்மேன்_நீடா

போதாது தம்பி. 100 வாட் பல்பு எரியும்போது அதோட ரெசிஸ்டன்ஸ் 530 ஓம் கிட்ட. எர்த் 60 ஓம் இருந்தாலும் பல்புக்கு 200 வோல்ட்டுக்கு மேல கிடைச்சுடும், கொஞ்சம் மங்கினது கண்ணுக்கே தெரியாது. 5 ஓமுக்கும் 60 ஓமுக்கும் பல்பு வித்தியாசம் சொல்லாது. எர்த் அடியோட இல்லைன்னா மட்டும் சொல்லும். அதுவும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தா பல்பு வெச்ச உடனே ட்ரிப் ஆகிடும்.

மூணு முனை எர்த் டெஸ்டர் (எர்த் எத்தனை ஓம்னு அளக்கற கருவி) வாடகைக்குக் கிடைக்கும். எர்த் பைப்பிலிருந்து ஒரே நேர்கோட்டுல டெஸ்டரோட கரண்ட் கம்பியை 30 மீட்டர் தள்ளி மண்ணுல அடிங்க, வோல்ட்டேஜ் கம்பியை அதுல 62 சதவீதம், அதாவது 18.6 மீட்டர்ல. வோல்ட்டேஜ் கம்பியை முன்னுக்கும் பின்னுக்கும் மூணு மீட்டர் நகர்த்திப் பாருங்க. அளவு மாறலைன்னா நம்பலாம். அளக்கும்போது எர்த் பைப்பை வீட்டு எர்த் கம்பியிலிருந்து கழட்டிடணும். கழட்டறதுக்கு முன்னாடி மெயினை இறக்கிடணும்.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? கணக்கு இதுதான். எர்த் 10 ஓம்னு வைங்க. பேஸ் பாடியில ஒட்டினா 230ஐ 10ஆல வகுத்து 23 ஆம்பியர்தான் தரைக்குப் போகும். 32 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினா விழற சுவிட்ச்) அதுக்கு அசையவே அசையாது. நம்ம வீட்டு எர்த் நம்ம தோண்டின குழியை மட்டும் நம்பி இருக்கறப்ப வெட்டுறது ஆர்.சி.சி.பி. ஒண்ணுதான். அது 30 மில்லி ஆம்பியர்ல வெட்டறதால 100 ஓம் எர்த்ல கூட வேலை செய்யும். அதனால ஆர்.சி.சி.பி. இல்லாம வெறும் எர்த் போட்டும் பிரயோஜனம் இல்ல, எர்த் இல்லாம ஆர்.சி.சி.பி. மட்டும் போட்டா ஆள் தொட்ட பிறகுதான் அது விழும்.

குழி: 40 மில்லிமீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) பைப், 3 மீட்டர் நீளம், செங்குத்தா. நம்ம களிமண் ஈரமா இருக்கறப்ப ஒத்தைப் பைப்புலயே 6 ஓம் பக்கம் வரும். அதே மண் கோடையில பாளம் பாளமா வெடிச்சுக் காஞ்சா அஞ்சு மடங்கு ஏறும். வயல் மண்ணு சுருங்கி பைப்பை விட்டு விலகிடும், அதுவும் ஒரு காரணம். அதனால அளவை ஐப்பசியில எடுத்துட்டு சந்தோஷப்படாதீங்க, சித்திரையில எடுங்க. கூட வந்தா 6 மீட்டர் தள்ளி இன்னொரு பைப் அடிச்சு ரெண்டையும் இணைச்சுடுங்க. பக்கத்துல பக்கத்துல அடிச்சா ரெண்டு போட்ட பலன் கிடைக்காது. கரியும் உப்பும் மாத்தி மாத்தி அடுக்கி, மேல புனல் வெச்சு, கோடையில வாரம் ஒரு குடம் தண்ணி.

#6 உப்புக்காத்து

நீடா அண்ணன் சொன்னதெல்லாம் சரி, உப்பு மட்டும் இடத்தைப் பார்த்துப் போடணும். நாகை, வேதாரண்யம் கரையோரத்தில் மண்ணே உப்பு. அங்கே ஓம் அளவு சொல்லாமலே இறங்கிவிடும், பிரச்சினை துரு. உப்புக் கொட்டினால் ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சு சீக்கிரம் போய், தரைமட்டத்துக்கு ஒரு சாண் கீழே பைப் அரித்து அறுந்துவிடும். மேலே பார்த்தால் கிளாம்ப் பளபளவென்று இருக்கும், கீழே ஒன்றுமே இருக்காது. செம்பு பூசிய இரும்புத் தண்டு போட்டு, சுற்றிலும் பென்டோனைட் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் களிமண் தூள்) நிரப்புங்கள். உப்பு வேண்டாம்.

கிளாம்ப் விஷயத்திலும் கவனம். செம்புக் கம்பியை நேரடியாக ஜி.ஐ. பைப்பில் முறுக்கினால் அந்த இணைப்பு இடம் முதலில் அரிக்கும். தகரம் பூசிய லக்கு, எஃகு போல்ட், மேலே கிரீஸ். மூடி போட்ட சின்னத் தொட்டி கட்டி இணைப்பைக் கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள், சிமென்ட் போட்டு மூடிவிடாதீர்கள்.

#7 ஒயர்மேன்_நீடா

ஒத்துக்கறேன். நான் சொன்னது நீடாமங்கலம், மன்னார்குடி மாதிரி உள்நாட்டுக் களிமண்ணுக்கு.

#8 வெண்ணாற்றங்கரை

புரிந்தது, துண்டு ஒயர் கிடையாது. குழி போடச் சொல்லிவிட்டேன். அடுத்து ஒயரும் சாக்கெட்டும். இப்போது கொட்டகைக்கு 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் போயிருக்கிறது. அது போதுமா?

#9 பவர்பாக்ஸ்

28 மீட்டர் என்றால் போக வர 56 மீட்டர். 2.5 ஸ்கொயர் செம்பில் அது 0.45 ஓம். 15 ஆம்பியர் ஓடினால் 6.7 வோல்ட் இழப்பு, ஒயர் நெடுக 100 வாட் வெப்பம். எரிந்துவிடாது, ஆனால் ஓட்டுக்கு அடியில் குழாய்க்குள் எட்டு மணி நேரம் அதைச் சுமக்க விட நான் சம்மதிக்க மாட்டேன். 4 ஸ்கொயர் போட்டால் 4.2 வோல்ட். எப்படியும் 7.2 கிலோவாட் வரப்போகிறது என்றால் இப்போதே 10 ஸ்கொயர் இழுத்துவிடுங்கள். 32 ஆம்பியரில் 3.4 வோல்ட்தான் இழப்பு. 6 ஸ்கொயரிலும் ஓடும், 6 வோல்ட் போகும்.

ஒயரைவிட அதிகம் கெடுவது சாக்கெட். வீட்டு 16 ஆம்பியர் சாக்கெட் ஹீட்டர் மாதிரி அரைமணி நேர வேலைக்குத் தாங்கும். கார் 15 ஆம்பியரை ராத்திரி முழுக்க இழுக்கும். உள்ளே பித்தளை நாக்கு தளர்ந்து தொடுமிடத்தில் 0.1 ஓம் வந்துவிட்டால், 15ஐ 15ஆல் பெருக்கி அதில் பத்தில் ஒரு பங்கு: 22 வாட். சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சுவருக்குள் வைத்த மாதிரி. முதலில் பின் கறுக்கும், அப்புறம் பிளாஸ்டிக் மஞ்சளாகும், அப்புறம் வாடை. இதில் எம்.சி.பி. விழாது, கரண்ட் 15 ஆம்பியரேதானே. நீல நிற 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போடலாம். ஆனால் சார்ஜரின் பிளக்கை வெட்டி மாற்றாதீர்கள்: பல சார்ஜர்களில் பிளக்குக்குள்ளேயே வெப்ப சென்சார் இருக்கிறது, வெட்டினால் அதுவும் வாரண்டியும் சேர்ந்து போகும். பிளக் அதற்குப் பொருந்தாது என்றால் நல்ல தரத்தில் 16 ஆம்பியர் சாக்கெட்டைப் புதிதாக வாங்கி, காருக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள். ஒரு மணி நேரம் சார்ஜ் ஓடிய பிறகு பிளக்கின் மேல் புறங்கையை வையுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கையை எடுக்கத் தோன்றினால் நிறுத்திவிட்டு சாக்கெட்டை மாற்றுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளும் அதைத் தடுக்கின்றன. சார்ஜருக்குத் தனி சர்க்யூட், 30 மில்லி ஆம்பியருக்கு மேற்படாத ஆர்.சி.சி.பி., சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரம் என்பதும் அதிலேயே இருக்கிறது. வெள்ளம் வரும் ஊரில் 800 என்ன, 1500 வையுங்கள்.

#10 குளக்கரை_செல்வம்

ஆர்.சி.சி.பி. கடையில கேட்டா ஏ.சி. டைப், ஏ டைப், பி டைப்னு மூணு சொல்றான். விலை மலைக்கும் மடுவுக்கும். எது?

#11 பவர்பாக்ஸ்

ஏ.சி. டைப் வேண்டாம். காருக்குள் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் இடத்தில் இன்சுலேஷன் கெட்டால் டி.சி. கசிவு வீட்டுப் பக்கம் திரும்பும். அது ஆர்.சி.சி.பி.யின் இரும்பு வளையத்தைக் காந்தமேற்றி மந்தமாக்கிவிடும். அதன்பிறகு நிஜமான ஏ.சி. கசிவு வந்தாலும் விழாது. வீட்டில் மற்ற இடங்களுக்கும் அதே ஆர்.சி.சி.பி. என்றால் அவற்றுக்கும் பாதுகாப்பு போச்சு.

சுவர் சார்ஜரின் விவரத்தாளில் 6 மில்லி ஆம்பியர் டி.சி. கண்டறிதல் உள்ளே இருக்கிறது என்று போட்டிருந்தால் ஏ டைப் போதும். இல்லையென்றால் பி டைப் வாங்கத்தான் வேண்டும்.

#12 ஒயர்மேன்_நீடா

டெஸ்ட் பட்டனை மாசம் ஒருக்கா அழுத்துங்க. கடல் காத்து படற ஊர்ல ஆறு மாசம் அழுத்தாம விட்டா உள்ள இறுகிடும். பட்டன் அழுத்தி விழுந்தா ஆர்.சி.சி.பி. நல்லா இருக்குன்னுதான் அர்த்தம், எர்த் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. இதைக் குழப்பிக்காத ஆளைப் பார்க்கறதே அபூர்வம்.

#13 தலைமடை_கடைமடை

வோல்ட்டேஜ் பற்றி யாரும் பேசவில்லையே. குறுவை நாற்றங்கால் சமயம் மோட்டார்கள் ஓட ஆரம்பித்தால் கடைசி போஸ்ட்டில் 175 – 180தான் நிற்கிறது. கார் சார்ஜ் பாதியில் நின்று நின்று ஏறுகிறது. ஸ்டெபிலைசர் போடலாமா? இல்லை, மோட்டார் கொட்டகை சர்வீஸில் மூன்று பேஸ் இருக்கிறதே, அதில் செருகிக்கொள்ளலாமா?

#14 பவர்பாக்ஸ்

ஸ்டெபிலைசர் வேண்டாம். 180ஐ 230 ஆக்கினால் லைனில் இழுக்கும் கரண்ட் அந்த அளவுக்குக் கூடும், போஸ்ட்டில் இன்னும் இறங்கும், பக்கத்து வீட்டு ஃபேன் நிற்கும். சார்ஜர் அளவைக் குறையுங்கள்: 15லிருந்து 10 ஆம்பியர். சுவர் சார்ஜரில் உள்ளே திருகு சுவிட்ச் அல்லது செயலி வழியாக வைக்கலாம். பைலட் சிக்னலின் துடிப்பு அகலம்தான் காருக்குக் கரண்ட் அளவைச் சொல்கிறது: ஒரு சுற்றில் 26.7 சதவீத நேரம் மேலே நின்றால் 16 ஆம்பியர், 16.7 என்றால் 10. ராத்திரி 11 மணிக்கு மேல் டைமர் வைத்தால் பாதிப் பிரச்சினை தானாகத் தீரும்.

மேல்பக்கம்தான் நிஜமான பயம். டிரான்ஸ்பார்மர் பக்கம் பொது நியூட்ரல் அறுந்தால் சுமை குறைந்த பேஸில் 300, 350 கூட ஏறும். சார்ஜருக்கு முன்னால் 180க்குக் கீழும் 260க்கு மேலும் வெட்டுகிற ரிலே ஒன்று போடுங்கள். திரும்பச் சேர 3 நிமிடமாவது தாமதம் இருக்கட்டும்.

மூன்று பேஸ் சர்வீஸ் எடுத்தாலும், காருக்குள் இருப்பது ஒற்றைப் பேஸ் சார்ஜர் என்றால் ஒரு பேஸில்தான் 32 ஆம்பியரும் இழுக்கும். அனுமதிக்கப்பட்ட சுமையை முதலில் ஏற்றி வாங்குங்கள்.

#15 ஒயர்மேன்_நீடா

மோட்டார் சர்வீஸ்ல செருகாதீங்க. அது தண்ணி இறைக்க மட்டும் கொடுத்தது. வேற வேலைக்கு எடுத்தா 2003 மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவுல வரும், ரெண்டு மடங்கு கட்டணம் போடுவாங்க. அதை விடுங்க, அங்க கெபாசிட்டர் வெச்சு மூணாவது பேஸ் உண்டாக்கி ஓட்டற ஆளுங்க இருக்காங்க. அந்த லைன்ல எது எந்த அளவுல நிக்கும்னு யாருக்கும் தெரியாது.

கொட்டகைன்னதும் ஞாபகம் வருது, வைக்கோல் போர் எவ்வளவு தள்ளி இருக்கு? சார்ஜர் பக்கத்துல வைக்கோல், சாக்கு, உரமூட்டை எதுவும் கூடாது. வைக்கோல் இருந்தா எலி இருக்கும், எலி இருந்தா ஒயர் இருக்காது. ஜி.ஐ. குழாய்ல ஒயரை எடுத்துப் போங்க, சார்ஜர் பெட்டி கிளாண்டுல (ஒயர் உள்ள நுழையற இடம்) ஓட்டை இருந்தா சீல் வைங்க. பல்லி உள்ள போய் ரெண்டு முனையையும் சேர்த்துடும்.

#16 உப்புக்காத்து

வெள்ளத்தைப் பற்றியும் சொல்லிவிடுங்களேன். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது இங்கே இவ்வளவு கார் பேட்டரி இல்லை. இப்போது இருக்கிறது.

#17 ஆரஞ்சு_கேபிள்

நல்ல தண்ணீர் வேறு, உப்புத் தண்ணீர் வேறு. கொள்ளிடத்துத் தண்ணீர் ஒரு மணி நேரம் வாசலில் நின்றதற்கும், கடல் தண்ணீர் ஏறி பேட்டரிப் பெட்டி ராத்திரி முழுக்க முழுகியதற்கும் நிறைய வித்தியாசம். பெட்டிக்கு அழுத்தம் சமன் செய்யும் வால்வு ஒன்று இருக்கும், கனெக்டர் சீல்களும் உண்டு. அடிபட்ட பெட்டியிலும் பழைய சீலிலும் தண்ணீர் நுழையும். உப்புத் தண்ணீர் செல்களுக்கு இடையே மின்கடத்தும். தண்ணீர் வடிந்த பிறகும் உப்புப் படிவு அங்கேயே இருந்து செம்பை அரித்து மெதுவாகப் பாலம் கட்டும். அதனால்தான் நாள் கழித்து, வாரம் கழித்துக்கூடத் தீப்பிடிக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2022 செப்டம்பரில் இயான் சூறாவளிக்குப் பிறகு கடல் தண்ணீரில் முழுகிய மின்கார்கள் அப்படித்தான் எரிந்தன.

தண்ணீர் ஏறும் முன்: சார்ஜர் எம்.சி.பி.யை இறக்கிவிட்டுப் பிளக்கை எடுங்கள், காரை மேட்டுக்குக் கொண்டுபோங்கள். தண்ணீர் சாக்கெட்டைத் தொட்டுவிட்டால் பிளக் பக்கமே போகாதீர்கள், மெயினை மட்டும் காய்ந்த இடத்திலிருந்து இறக்குங்கள்.

முழுகிய பிறகு: ஸ்டார்ட் செய்யாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், டிஸ்ப்ளே நன்றாக வருகிறதே என்று ஓட்டாதீர்கள். வீட்டையும் வைக்கோலையும் விட்டு 15 மீட்டராவது தள்ளி வெட்டவெளியில் நிற்கட்டும். கட்டி இழுக்கக் கூடாது; சக்கரம் சுற்றினால் காந்த மோட்டார் தானே மின்சாரம் உண்டாக்கும். நான்கு சக்கரமும் தரையில் படாமல் லாரியில் ஏற்றுங்கள்.

பெட்டியிலிருந்து உஸ்ஸென்ற சத்தம், வெள்ளைப் புகை, இனிப்பான கரைப்பான் வாடை: இதில் ஒன்று வந்தாலும் பானெட்டைத் திறக்காமல் காற்று வரும் பக்கமாக விலகி 101ஐ அழையுங்கள். பொடி அணைப்பான் சுடரை அடக்கும், செல்லின் சூட்டை அடக்காது. தண்ணீர் நிறைய வேண்டும், அணைந்த பிறகும் திரும்பப் பற்றும்.

#18 குடந்தை_ஆட்டோ

ஷெட்டில் கார் பேட்டரி வேலை எடுக்கச் சொல்கிறார்கள். எங்கள் பையன்களுக்கு 48 வோல்ட் ஆட்டோதான் பழக்கம். சர்வீஸ் பிளக்கை (பழுது பார்க்கும்போது பேட்டரி இணைப்பைத் துண்டிக்கக் கையால் எடுக்கும் பிளக்) பிடுங்கிவிட்டால் கரண்ட் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

#19 ஆரஞ்சு_கேபிள்

கூடாது. சர்வீஸ் பிளக் பெரும்பாலும் செல் வரிசையின் நடுவில் வெட்டும். 320 வோல்ட் பெட்டி என்றால் உள்ளே 160 வோல்ட் துண்டுகள் இரண்டு உயிரோடுதான் இருக்கும். இன்வெர்ட்டருக்குள் (பேட்டரியின் டி.சி.யை மோட்டாருக்கு ஏ.சி.யாக்கும் பெட்டி) இருக்கும் கெபாசிட்டர் வேறு. 500 மைக்ரோ ஃபேரட், 350 வோல்ட் என்றால் 30 ஜூல். ஆளைக் கொல்லக் கூடிய அளவு.

வரிசை இது. காரை அணைத்து சாவியை ஷெட்டுக்கு வெளியே வையுங்கள். 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். அப்போதுதான் கன்டாக்டர் (பேட்டரியை ஆரஞ்சு கேபிளோடு இணைக்கும் பெரிய ரிலே) திரும்ப ஒட்டாது. கையுறை: 1000 வோல்ட் கிளாஸ் 0 ரப்பர், மேலே தோல். ஒவ்வொரு முறையும் மணிக்கட்டுப் பக்கம் சுருட்டிக் காற்றை அடைத்துப் பாருங்கள். காற்று கசிந்தால் குப்பையில். சர்வீஸ் பிளக்கை எடுத்து வேலை செய்பவர் தன் பையிலேயே வைத்துக்கொள்ளட்டும். கம்பெனி கையேட்டில் சொன்ன நேரம் காத்திருங்கள், சொல்லவில்லை என்றால் 10 நிமிடம். பிறகு 1000 வோல்ட், கேட் 3 தர மல்டிமீட்டரை உயிருள்ள ஒரு இடத்தில் வைத்துச் சரிபார்த்து, ஆரஞ்சு கேபிள் முனையில் அளந்து, திரும்பவும் உயிருள்ள இடத்தில் வையுங்கள். மீட்டர் செத்துப் போய் பூஜ்யம் காட்டுகிறதா, கேபிள் செத்ததால் காட்டுகிறதா என்று தெரிய வேறு வழி இல்லை. பிளஸ்–மைனஸ் மட்டுமல்ல, ஒவ்வொன்றிலிருந்தும் பாடிக்கும் அளக்க வேண்டும். 60க்குக் கீழே என்பது சட்ட எல்லை. நான் 5க்குக் கீழே வராமல் தொடச் சொல்ல மாட்டேன்.

அளந்தால் 300 வோல்ட் நிற்கிறதா? கன்டாக்டர் ஒட்டிப் போயிருக்கிறது. பிரீசார்ஜ் ரெசிஸ்டர் (கெபாசிட்டரை முதலில் மெதுவாக நிரப்புவது) போய்விட்டால் மெயின் கன்டாக்டர் காலியான கெபாசிட்டரோடு நேராக மோதும், அந்தப் பொறியில் முனை வெல்ட் ஆகிவிடும். அதோடு வேலையை நிறுத்தி கம்பெனியை அழையுங்கள்.

பெட்டியைத் திறக்காமல் வெளியே வேலை செய்ய மட்டும் பையன்களைப் பழக்குங்கள். இன்சுலேஷன் எச்சரிக்கை வந்த காரில் காட்டும் அளவையும் பாருங்கள்: வோல்ட்டுக்கு 100 ஓம் என்பது டி.சி.க்கு அடிமட்டம், 320 வோல்ட்டுக்கு 32 கிலோ ஓம். நல்ல கார் மெகா ஓமில் இருக்கும்.

48 வோல்ட்டில் ஷாக் பயம் குறைவு, அதற்காக அலட்சியம் வேண்டாம். ஸ்பானர் இரண்டு முனையில் விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர். மோதிரம், கைச்செயின், இடுப்பில் அரைஞாண் எல்லாம் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஈய பேட்டரி ஆட்டோ என்றால் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் போதும் பற்ற. ஷட்டரை இறக்கிவிட்டு ராத்திரி சார்ஜ் போடும் பழக்கத்தை முதலில் விடுங்கள்.

#20 வெண்ணாற்றங்கரை

குழி இரண்டு போட்டாயிற்று, 6 மீட்டர் இடைவெளி, இணைத்த பிறகு 4.2 ஓம். நியூட்ரல்–எர்த் 1.8 வோல்ட். 10 ஸ்கொயர் ஒயர், ஜி.ஐ. குழாய், ஏ டைப் 30 மில்லி ஆம்பியர், வோல்ட்டேஜ் ரிலே. சிவப்பு விளக்கு போய்விட்டது. முதல் ராத்திரி 15 ஆம்பியரில் ஐந்து மணி நேரம் ஓடிய பிறகு பிளக் வெதுவெதுப்பு. ஒரே சந்தேகம்: பழைய 2.5 ஸ்கொயர் லைனை கொட்டகை லைட்டுக்கு விட்டிருக்கிறேன், அந்த லைட் சர்க்யூட்டுக்கும் எர்த் இதே குழியில் சேர்க்கலாமா?

#21 ஒயர்மேன்_நீடா

சேர்க்கணும். ஒரே கொட்டகையில ரெண்டு எர்த் தனித்தனியா நிக்கக் கூடாது. ஒண்ணுல பழுது வந்தா ரெண்டையும் ஒரே நேரத்துல தொடறவங்களுக்கு வித்தியாசம் அடிக்கும். வீட்டு மெயின் எர்த் பாரையும் அதோட இணைச்சுடுங்க. பழைய சாக்கெட்டைத் திறந்து எர்த் பின்னுக்குப் பின்னாடி ஒரு தடவை பாருங்க. முன்னாடி யாராவது துண்டு ஒயர் போட்டு வெச்சிருந்தா இப்ப புது ஆர்.சி.சி.பி. காரணமில்லாம விழுந்துகிட்டே இருக்கும்.

#22 வெண்ணாற்றங்கரை

பார்த்தேன் அண்ணே. கொட்டகை சாக்கெட்டில் இல்லை. அடுப்படி மிக்ஸி சாக்கெட்டில் இருந்தது. எடுத்தாச்சு.